சும்மாடு மாற்றும் நேரம்

அவர் தளவானூர்க்காரர். செஞ்சியில் நெல் மூட்டை தூக்குகிறார். மாரடைப்பு வந்து, பிழைத்து, சில வாரங்கள் கழித்து என் முன்னால் உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தைய மாதங்களில் உடம்பு எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லீங்க சார், நல்லாத்தான் இருந்தேன்" என்றார். பக்கத்தில் நின்ற மனைவி, "அந்தச் சும்மாடு சங்கதியைச் சொல்லுங்க" என்று இடித்துரைத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நாலைந்து மூட்டை இறக்கியதும் நெஞ்சுக்கு நடுவில் ஒரு பாரம் ஏறுமாம். கூட இருப்பவர்கள் கேலி செய்யக்கூடாது என்பதற்காகத் தலையிலிருந்து சும்மாட்டை எடுத்து, உதறி, மறுபடி சுற்றுவாராம். சுற்றி முடிப்பதற்குள் பாரம் இறங்கிவிடும். "வாயுதானேன்னு விட்டுட்டேன்" என்றார்.

மருத்துவக் கல்லூரியில் படித்ததைவிடத் தெளிவாக இதயத்தின் நியாயத்தை அவர் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. உடம்பு முழுக்க ரத்தம் அனுப்பும் இந்தத் தசை, தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தன் உள்ளறைகளில் நிரம்பியிருப்பதிலிருந்து எடுத்துக்கொள்வதில்லை. மகாதமனியின் அடியிலிருந்து கிளைத்து இதயத்தின் மேற்பரப்பில் படர்ந்திருக்கும் மெல்லிய தமனிகள்தான் அதற்குச் சோறு போடுகின்றன. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இதயம் இறுகும்போது தன் சுவருக்குள் ஓடும் நாளங்களைத் தானே நசுக்கிவிடுகிறது. ஆகவே இடக் கீழறையின் தசைக்குப் பெரும்பாலான ரத்தம் கிடைப்பது அது தளர்ந்திருக்கும் நொடித்துணுக்கில்தான். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி; அதில் ஏறத்தாழ 0.3 நொடி வேலை, 0.5 நொடி ஓய்வு. மூட்டையோடு ஓடும்போது துடிப்பு 150ஐத் தொட்டால் மொத்தமே 0.4 நொடிதான். அதில் பாதி ஓய்வுக்குத் தேறினாலே பெரிது. பசி அதிகமாகும் அதே வேளையில் சாப்பாட்டு நேரம் சுருங்குகிறது. தமனி விசாலமாக இருக்கும்வரை இது ஒரு பொருட்டல்ல. குறுகிவிட்டால் தசை முனகுகிறது. நின்றால் துடிப்பு குறைகிறது, ஓய்வு நீள்கிறது, வலி போகிறது. நின்றதும் போய்விடுவதால் அது வாயு என்று அவர் முடிவு செய்தார். உழைத்தால் வந்து, நின்றால் போவதாலேயே அது இதயம் என்று நான் முடிவு செய்வேன். ஒரே சான்று, இரண்டு தீர்ப்புகள்.

அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "எத்தனை பர்சன்ட் அடைப்பு சார்?" இந்தக் கேள்வியை ஊருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் என்னைப் போன்றவர்கள். ஆஞ்சியோகிராம் படத்தைத் திரையில் நிறுத்தி, "இங்கே எழுபது, அங்கே தொண்ணூறு" என்று நானும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் முகம் வெளுப்பதைப் பார்த்த பிறகும் சொல்லியிருக்கிறேன். பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணால் ஏற்படும் புரிதல் தவறானது. குழாயில் பாசி படிவதுபோல் மெல்ல மெல்ல அடைத்து, நூறைத் தொடும் நாளில் மாரடைப்பு வருகிறது என்றுதான் கேட்பவர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் பல மாரடைப்புகள், அதற்கு முன் பாதியளவுகூட அடைக்காத கொழுப்புத் திட்டுகளில்தான் தொடங்குகின்றன. திட்டின் மெல்லிய மேல்தோல் கிழிகிறது. உடம்பு அதைக் காயம் என்று எடுத்துக்கொண்டு அங்கே ரத்தத்தை உறைய வைக்கிறது. அந்த உறைகட்டி சில நிமிடங்களில் பாதையை மூடிவிடுகிறது. நேற்றுவரை மலையேறியவர் இன்று விழுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அப்படியானால் ஸ்டென்ட் வீண் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது, மூடிய தமனியைத் திறக்கும் ஸ்டென்ட் உயிர் காக்கிறது. உரிய நேரத்துக்குள் செய்ய முடிந்தால் உறைகட்டியைக் கரைக்கும் மருந்தைவிட அதுவே மேல். ஆனால் உழைப்பின்போது மட்டும் வரும், பல மாதங்களாக மாறாமலிருக்கும் நெஞ்சுவலிக்குக் கதை வேறு. 5,179 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், மருந்தோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் வழியை முதலிலேயே நாடியவர்களின் ஆயுள், மருந்தோடு நிறுத்திக்கொண்டவர்களின் ஆயுளைவிடக் கூடிவிடவில்லை. வலி குறைந்தது, அது உண்மை. மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்கு வலி குறைவதும் சின்ன விஷயமல்ல. நிலத்தை அடமானம் வைக்கும் முன் எதற்காக வைக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. தளவானூர், செஞ்சி – விழுப்புரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர். மகேந்திர பல்லவன் குடைந்த சத்ருமல்லேஸ்வரத்தைப் பார்க்க வருபவர்களுக்கு அந்தத் தூரம் சுகமான பயணம். நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிளம்புபவருக்கு அப்படியல்ல. நம் நோயாளி கிளம்பவே இல்லை. சோடா குடித்தார், ஓமத் தண்ணீர் குடித்தார், தைலம் தேய்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்து விடிய விடிய உட்கார்ந்திருந்தார். மருத்துவமனை வந்து சேர்ந்தது மறுநாள் உச்சி வேளையில். தமனி மூடிய அரை மணி நேரத்துக்குள் தசை சாகத் தொடங்கும். உள்புறத்தில் ஆரம்பித்து, வெளிப்புறம் நோக்கிச் சில மணி நேரத்தில் பரவும். செத்த தசை திரும்ப முளைப்பதில்லை, அங்கே தழும்புதான் மிஞ்சும்.

இது அவர் ஒருவரின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவின் 89 மருத்துவமனைகளில் 20,937 நோயாளிகளைப் பதிவு செய்த கிரியேட் ஆய்வு 2008இல் லான்செட் இதழில் வந்தது. வலி தொடங்கி மருத்துவமனையை அடைய ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். உள்ளே வந்தபின் உறைகட்டி கரைக்கும் ஊசி போட ஆன நேரம் 50 நிமிடம். நாங்கள் மாநாடுகளில் மணிக்கணக்கில் விவாதிப்பது அந்த ஐம்பதைப் பற்றி! அதே ஆய்வில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் வசதியுள்ளோரில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். கிடைத்த சிகிச்சையின் வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் இந்த இடைவெளி மறைந்துவிட்டது. அதாவது, ஏழையின் இதயம் வேறு மாதிரியானதல்ல.

தமிழகம் இதில் சும்மா இருந்துவிடவில்லை. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனையோடு ஆம்புலன்ஸாலும் இ.சி.ஜி.யாலும் இணைக்கும் முன்னோடித் திட்டம் 2012இல் தொடங்கியது. முதலில் அருகிலேயே உறைகட்டி கரைக்கும் ஊசி, பிறகு ஆஞ்சியோகிராம் வசதியுள்ள இடத்துக்கு மாற்றம் என்பது அதன் முறைகளில் ஒன்று. 2,420 நோயாளிகளிடம் பார்த்ததில், ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2ஆகக் குறைந்தார்கள். மருத்துவமனைக்குள் இறப்பதில் பெரிய மாற்றமில்லை என்பதையும், இது முன்பு – பின்பு ஒப்பீடுதானே தவிரச் சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிபவருக்கு இது ஆபத்தாகாதா என்று கேட்கும் சக மருத்துவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. முதலில் இ.சி.ஜி., பிறகு மாத்திரை என்ற வரிசை அதற்காகத்தான். 1988இல் வந்த ஐசிஸ்-2 ஆய்வு, 17,187 பேரில், ஒரு மாதம் கொடுத்த ஆஸ்பிரின் மட்டுமே மரணங்களை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்ததாகக் காட்டியது. நம்மிடமுள்ள மருந்துகளிலேயே மலிவானவற்றில் அது ஒன்று.

ஒவ்வொரு நெஞ்சுவலிக்கும் எல்லோரும் ஓடிவந்தால் செஞ்சி அரசு மருத்துவமனை தாங்குமா என்பது இன்னொரு கேள்வி. நெஞ்சுவலிகளில் பெரும்பான்மை மாரடைப்பல்ல. வாயு என்ற சொல் பல நேரம் சரியாகவே இருக்கிறது. அதனால்தான் அதை ஒழிக்க முடியவில்லை. நான் கேட்பது அளவானது. நடந்தால் வந்து நின்றால் போகும் பாரம், கால் மணி நேரம் நின்றும் போகாத இறுக்கம், வியர்வையோடு வரும் தாடை வலி, சர்க்கரை நோயாளிக்குக் காரணமில்லாமல் வரும் மூச்சுத் திணறல் — இவற்றுக்கு மட்டும் ஓமத் தண்ணீருக்கு முன் ஒரு இ.சி.ஜி. முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் வலி நீடித்தால் இன்னொன்று. அதைக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

போன மாதம் அவர் மறுபடி வந்தார். மூட்டை தூக்குவதை விட்டுவிட்டு, இப்போது எடை போடும் இடத்தில் சாக்குத் தைக்கிறார். மாத்திரை அட்டையை மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். கிளம்பும்போது கதவருகில் நின்று, "சார், எங்க செட்டுல ஒருத்தன் இருக்கான். மூணு மூட்டைக்கு ஒருவாட்டி சும்மாட்ட அவுத்துக் கட்டுறான். கேட்டா ஒண்ணுமில்லங்கிறான்" என்றார். நாளைக்கே கூட்டிவரச் சொன்னேன். "வெளிய பெஞ்சிலதான் உக்காந்திருக்கான்" என்றார்.

(கட்டுரையாளர், இதயநோய் மருத்துவர்)