முதுகு ஊசி முடமாக்காது

"முதுகுல தண்ணி எடுக்க வுடாதே, கொயந்தைக்குக் கால் பூடும்." ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இந்த எச்சரிக்கை வாய்வழியே பரவிக் கிடக்கிறது. காய்ச்சலும் வலிப்புமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஓடிவரும் தாய், சம்மதக் கையெழுத்துக் கேட்கும்போது பின்வாங்குவது இதனால்தான். இது பொய். பிள்ளையின் உயிருக்கே உலை வைக்கும் பொய்.

தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்கும் கீழே, நரம்பிழைகள் நீரில் மிதக்கும் இடத்தில்தான் ஊசி இறங்குகிறது. எடுப்பது சில மில்லி. அது மீண்டும் ஊறிவிடும். ஜெர்மன் மருத்துவர் குவின்கே 1891இல் காட்டிய வழி இது. சில நாள் தலைவலியோ முதுகுவலியோ வரலாம். மூளையில் அழுத்தம் மிகுந்திருந்தாலோ ரத்தம் உறைவதில் கோளாறு இருந்தாலோ மருத்துவர்களே ஊசியைத் தள்ளிவைப்பார்கள்.

"அப்படியானால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கால் வராமல் போனது ஏன்?" மூளையோ அதன் உறையோ அழன்றிருக்கலாம் என்ற சந்தேகத்தில்தான் பெரும்பாலும் இந்த நீரை எடுக்கிறார்கள். முடக்கியது நோய், பழி மட்டும் ஊசிமேல் விழுந்தது.

ஸ்கேன் போதும் என்பதும் தவறு. 1955இல் வேலூர்ப் பகுதியில் இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஹெர்பிஸ் வைரஸ், காசநோய் என மூளையைத் தாக்கும் கிருமிகள் பல. கிருமியே இல்லாமல் உடலின் எதிர்ப்பாற்றலே மூளையைத் தாக்குவதும் உண்டு. ஜோசப் டல்மாவ் குழுவினர் 2007இல் விவரித்த என்எம்டிஏ மூளை அழற்சி அத்தகையது. நன்றாக இருந்த பிள்ளை தூக்கமிழந்து, பிதற்றி, வாயைக் கோணி, பிறகு பேச்சே நின்றுபோகும். காத்து கருப்பு என்று வேப்பிலை அடிக்கிறோம். ஸ்கேனும் பல சமயம் சுத்தமாகவே இருக்கும். காட்டிக்கொடுப்பது முதுகு நீர்தான்.

மருந்துகளும் வேறு வேறு. ஹெர்பிஸுக்கு அசைக்ளோவிர், சந்தேகம் வந்ததுமே, முடிவுக்குக் காத்திராமல் தொடங்க வேண்டியது. காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை. எதிர்ப்பாற்றல் தாக்கினால் ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின். கிருமி இருக்கும்போது எதிர்ப்பாற்றலை மட்டும் அடக்கினால் நோய் மூர்க்கமாகும். நீரைப் பார்க்காமலே மருந்தைத் தொடர்வது இருட்டில் கல்லெறிவது. என்எம்டிஏ நோயில் உரிய காலத்தில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

மருத்துவர்களே, படிவத்தை நீட்டுமுன் எங்கே குத்துவீர்கள், ஏன் குத்துவீர்கள் என்று தாய்க்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். தாய்மார்களே, சந்தேகத்தையெல்லாம் அவர்களிடமே கேளுங்கள், தெருவிடம் கேட்காதீர்கள். கேட்டுத் தெளிந்து அன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள்.