மேனேஜர் வீட்டில் இல்லை

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் மேனேஜர். வைத்தது நான்தான். ஒரு நாளில் முக்கால்வாசி தூங்கும். விழித்திருக்கும் நேரத்தில் உயரமான இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு மற்றவர்கள் வேலை செய்வதை மேற்பார்வை பார்க்கும். கூப்பிட்டால் வராது. கூப்பிடாதபோது வந்து நாம் எழுதிக்கொண்டிருக்கும் பேப்பர் மேலேயே உட்காரும். ஆபீஸ் போகும் வாசகர்கள் இதற்கு மேல் பெயர்க் காரணம் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை ராத்திரி, மேற்கு மாம்பலத்தில் நாங்கள் இருந்த பழைய வீட்டின் கொல்லையில், தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவில் நனைந்துபோய்க் கத்திக்கொண்டிருந்தது. உள்ளங்கை சைஸ். "அந்தச் சனியனை உள்ளே கொண்டு வராதேடா" என்றாள் அம்மா. கொண்டு வந்தேன். அன்றிலிருந்து அம்மா அதை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'சனியனே, தள்ளு.' 'சனியனே, அதுக்குள்ள பசிச்சிடுச்சா?' தொனி மட்டும் மாறும்.

இந்த ஜந்து நம்மை என்னவாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். பி.காம். படித்த தோஷம், ஒருநாள் உட்கார்ந்து பேரேடு போட்டுப் பார்த்தேன். பற்று: மீன், பால், கால்நடை டாக்டர் ஃபீஸ், நார் நாராகக் கிழிந்த சோபா ஒன்று. வரவு: பல்லி ஒன்று, அதுவும் வால் இல்லாமல். எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஜான் பிராட்ஷா என்று ஒருவர். வருஷக்கணக்கில் பூனைகளைக் கவனித்து 2013-ல் ஒரு புத்தகமே எழுதினார். நாய்க்கு நாம் வேறு ஜாதி என்று தெரியுமாம். நம்மோடு விளையாடுகிறபோது ஒரு மாதிரியும், இன்னொரு நாயோடு விளையாடுகிறபோது வேறு மாதிரியும் நடந்துகொள்கிறது. பூனை அப்படி மாற்றிக்கொள்வதாகத் தெரியவில்லை என்கிறார். வாலைக் கொடிக்கம்பம் மாதிரித் தூக்கிக்கொண்டு வருவது, காலில் உரசுவது, மடியில் ஏறி முன்னங்கால்களால் மாவு பிசைவது எல்லாம் பூனைகள் தங்களுக்குள்ளேயோ, குட்டி தன் தாயிடமோ செய்கிற சமாச்சாரம்தான். ஆக, அதன் கணக்கில் நான் முதலாளியும் இல்லை, வேலைக்காரனும் இல்லை. கொஞ்சம் பெரிய சைஸ் பூனை. மீசை வைத்திருப்பதால் எனக்கு இதில் பெரிய ஆட்சேபணை இல்லை.

அதற்காக நம்மை ஏமாளி என்று அது புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தமில்லை. வளர்ந்த பூனைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று 'மியாவ்' சொல்வது அபூர்வம். அது பெரும்பாலும் மனுஷனுக்கென்றே வைத்திருக்கும் பாஷை. 2009-ல் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மெக்கோம்ப் என்ற அம்மாள், பூனைகள் சாப்பாடு கேட்கும்போது போடும் 'குர்ர்ர்'ரை ரிக்கார்டு செய்து அலசினார். சாதாரண குர்ர்ருக்குள் மெலிதாக ஒரு கீச்சுக் குரலை ஒளித்து வைத்திருக்கிறது. கைக்குழந்தை அழுகிற ஸ்தாயிக்குக் கிட்டத்தட்ட பக்கத்தில். காலை 5 மணிக்கு என் காதருகில் மேனேஜர் அதை வாசிக்கும்போது, ஏன் என்று தெரியாமலே எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்திருக்கிறேன். காரணம் இப்போதுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் எழுந்துதான் போகிறேன்.

போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

போன தை மாசம் வீட்டுக்காரர் வந்து, பழைய வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டப்போவதாகச் சொன்னார். இருபத்தாறு வருஷம் இருந்த வீடு. அப்பா அங்கேதான் போனார். அசோக் நகரில் இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட் பார்த்துக் குடிபோனோம். அம்மா உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுருக்கி, "பெயிண்ட் வாசனையா இருக்கு" என்றாள். மேனேஜர் கட்டிலுக்கு அடியில் போனது. ரெண்டு நாள் வெளியே வரவில்லை.

புது வீட்டில் இரண்டு மூன்று வாரமாவது பூனையை வெளியே விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பூனைக்குக் கன்னத்தில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. கதவு, நாற்காலிக் கால், கிரைண்டர், நம் முழங்கால் என்று போகிற வருகிற இடத்தில் எல்லாம் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து, 'இது என் ஜாகை' என்று கையெழுத்துப் போட்டு வைக்கிறது. புது வீட்டில் அதன் கையெழுத்து எங்குமே இல்லை. மூன்றாம் நாள் தண்ணீர் கேன் போடுகிற பையன் கதவைத் திறந்து வைத்துவிட்டு லிஃப்டில் கேன் எடுக்கப் போனான். அவ்வளவுதான்.

தெருத் தெருவாகத் தேடினோம். தேடினேன் என்பது சரி. அம்மா பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி பதினொரு மணிக்குப் பார்த்தால் ஒரு தட்டில் மீன் தலையை வைத்துக்கொண்டு இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் சாப்பிட்டாளா என்று கேட்டேன். பதில் இல்லை.

"நாய் ஆளுக்கு, பூனை வீட்டுக்கு. இது தெரியாதாடா உனக்கு? அது நம்மளை நினைச்சா இருந்துச்சு? அந்த வீட்டை நினைச்சு இருந்துச்சு."

சும்மா இருந்திருக்கலாம். படித்த கோளாறு, விட்டதா? "இல்லம்மா, 2019-ல அமெரிக்காவுல ஆரிகன்ல ஒரு டெஸ்ட் பண்ணியிருக்காங்க" என்று ஆரம்பித்தேன். பூனையையும் அதை வளர்ப்பவரையும் புதிதாக ஓர் அறையில் ரெண்டு நிமிஷம் விட்டார்கள். பிறகு ஆளை வெளியே அனுப்பி, பூனையை ரெண்டு நிமிஷம் தனியே தவிக்கவிட்டார்கள். மறுபடி ஆள் உள்ளே வந்தபோது நிறையப் பூனைகள் வந்து ஒருதரம் விசாரித்துவிட்டு, பயம் தெளிந்து, அறையைச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டன. தாயிடம் ஒட்டுதலாக இருக்கும் குழந்தை செய்கிற மாதிரியே. "நூத்துக்கு அறுபத்தஞ்சு பூனை அப்படித்தானாம்மா. கைக்குழந்தைங்க கணக்கும் ஏறக்குறைய அதுதானாம்."

"நம்மது மீதி முப்பத்தஞ்சுல இருக்கும்" என்றாள் அம்மா.

நீங்களே சொல்லுங்கள், என்ன பதில் சொல்வது?

ஆறாம் நாள் காலை பழைய வீட்டிலிருந்து போன். இடிக்கிற வரை காவலுக்குப் போட்டிருந்த வாட்ச்மேன் பெரியவர். நான் நம்பர் கொடுத்து வைத்திருந்தேன். "சார், நம்ம துரை இங்கதான் இருக்குது. நாலு நாளா என் டீயில பாதி அதுக்குத்தான். நாளைக்கு மிஷின் வருது சார், இன்னிக்கே வந்து தூக்கினு போயிடுங்க."

நடுவில் ரெண்டு மெயின் ரோடு, பஸ், லாரி, நாய்கள். எப்படிப் போய்ச் சேர்ந்ததோ. அம்மா ஒன்றும் சொல்லாமல் பழைய வயர் கூடையை எடுத்து, உள்ளே தன் கிழிந்த நூல் புடவை ஒன்றை மடித்து வைத்துக் கொடுத்தாள்.

போய்ப் பார்த்தால் அதே தண்ணீர்த் தொட்டி. மேலே மேனேஜர், இளைத்துப்போய். "மேனேஜர்!" என்றேன். ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது. மற்றபடி அசைவில்லை.

ஜப்பானில் அட்சுகோ சைதோ என்ற ஆராய்ச்சியாளர் 2013-ல் இதைத்தான் சொன்னார். வளர்க்கிறவர் குரலைப் பூனை மற்றவர் குரலிலிருந்து பிரித்து அறிகிறது. காதைத் திருப்புகிறது, தலையைத் திருப்புகிறது. எழுந்து வருவதில்லை. 2019-ல், அதற்குத் தன் பெயரும் தெரிகிறது என்று கண்டுபிடித்தார். எனவே காது கேட்கவில்லை, பெயர் புரியவில்லை என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ள வழியே இல்லை. பெரியவர் "துரை, துரை" என்று கூப்பிட்டுப் பார்த்தார். மேனேஜரோ துரையோ, ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணம்தான் தோன்றியிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள். "கிடைச்சுதா?"

"இருக்கும்மா. வரமாட்டேங்குது. ஸ்பீக்கர்ல போடறேன், நீ பேசு."

"நான் ஏண்டா அதுகிட்ட பேசணும்?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏய் சனியனே... சாப்பிட்டியா?"

ரெண்டு காதும் திரும்பின. தலையும் திரும்பியது. என் கையிலிருந்த போனை உற்றுப் பார்த்தது. அதன் உண்மையான பெயர் எது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனாலும் இறங்கவில்லை.

கண்ணை மெதுவாகப் பாதி மூடித் திறந்தால் பூனையும் பதிலுக்கு அப்படிச் செய்யும், அந்நியர் கிட்டேகூட வரும் என்று 2020-ல் அதே சஸெக்ஸ்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். செய்தேன். அதுவும் செய்தது. பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா என்று நாம் கேலி பேசி வந்திருக்கிறோம். அது இத்தனை நாளும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. "என்ன சார், கண்ணுல தூசா?" என்றார் பெரியவர்.

அலுத்துப்போய்க் கூடையைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். தொட்டியிலிருந்து தொப்பென்று ஒரு சத்தம். நேரே கூடைக்கு வந்தது. என்னைப் பார்க்கவேயில்லை. புடவையை முகர்ந்தது. கன்னத்தை வைத்துத் தேய்த்தது. உள்ளே ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, மாவு பிசைய ஆரம்பித்தது. மீன் வாங்கிப் போட்டவன் நான், டாக்டர் ஃபீஸ் கொடுத்தவன் நான். பேரேட்டைக் கிழித்துப் போட்டுவிட வேண்டியதுதான்.

வைணவப் பெரியவர்கள் மார்ஜார நியாயம் என்று ஒன்று சொல்வார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டிக்கு அந்தக் கவலை இல்லை. தாயே கவ்விக்கொண்டு போய்ச் சேர்க்கும். தென்கலைக்காரர்களுக்கு பகவான் அந்தத் தாய்ப் பூனை. அசோக் நகருக்கு ஆட்டோக்காரர், பூனைக்குத் தனியாக முப்பது ரூபாய் கேட்டபோது தாய்ப் பூனையின் கஷ்டம் எனக்குப் புரிந்தது.

கதவைத் திறந்த அம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "வந்துட்டியா சனியனே" என்று சொல்லிவிட்டு அவசரமாக அடுப்படிக்குப் போனாள். அது கூடையிலிருந்து இறங்கி, பின்னாலேயே வாலைத் தூக்கிக்கொண்டு போனது. புடவையை எடுத்து உதறப்போனேன். "இருக்கட்டும், அதை அப்படியே கட்டிலுக்குக் கீழே போடு" என்று உள்ளிருந்து குரல்.

கொஞ்ச நேரம் கழித்து, மீனை அரிந்துகொண்டே கேட்டாள். "அங்க நம்ம நிலைப்படி இருக்காடா?"

இருபத்தாறு வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த நிலைப்படி. பழைய தேக்குக்கு நல்ல விலை என்று, கதவு ஜன்னலோடு முந்தின நாளே கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்களாம். பெரியவர் சொன்னார். வாசல் இருந்த இடத்தில் ஒரு பெரிய ஓட்டைதான் இருந்தது.

"இருக்கும்மா" என்றேன்.

மேனேஜர் அடுப்படிக் கதவின் புதுப் பெயிண்டில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.