தயிர் திடமா, திரவமா?

உலகத்தின் பெரிய தத்துவ விசாரங்கள் இப்போதெல்லாம் பல்கலைக்கழகங்களில் நடப்பதில்லை. விமான நிலையத்தில், கழற்றிய பெல்ட் ஒரு கையிலும் நழுவுகிற பேன்ட் மறு கையிலுமாக நிற்கிற வரிசையில்தான் நடக்கின்றன. தயிர் திடப்பொருளா, திரவமா? தொக்கு? திருநெல்வேலி அல்வா? பள்ளிக்கூடத்தில் பொருள்களுக்கு மூன்று நிலை என்று படித்தோம். செக்யூரிட்டி மேஜையில் இரண்டே நிலைதான். போகலாம், போகக்கூடாது.

சட்டம் பார்ப்பதற்கு எளிமையானது. வெளிநாட்டு விமானத்தில் கையோடு கொண்டு போகும் பையில் எந்தத் திரவமும் 100 மில்லிக்கு மிகாத டப்பாவில் இருக்க வேண்டும். அத்தனை டப்பாவும் ஒரு லிட்டர் கொள்ளும், மூடித் திறக்கிற, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பை ஒன்றில் அடங்க வேண்டும். ஆளுக்கு ஒரு பை. கணக்கு டப்பாவின் கொள்ளளவுக்குத்தான், உள்ளே இருக்கிற சரக்குக்கு இல்லை. 200 மில்லி ஷாம்பு பாட்டிலின் அடியில் ஒரு ஸ்பூன் மிச்சம் இருந்தாலும் அது 200 மில்லிதான். 'முக்கால்வாசி காலி சார்' என்று வாதாடிப் பிரயோஜனமில்லை.

சரி, எது திரவம்? வழிவது, தடவுவது, பீச்சுவது, பிதுக்குவது எல்லாமே திரவம். தேன், ஜாம், நெய், தயிர், பற்பசை, ஷேவிங் க்ரீம், சென்ட் எல்லாம் இந்த ஜாதி. அமெரிக்கர்களின் உயிரான பீனட் பட்டரையே அவர்கள் ஊர் அதிகாரிகள் திரவம் என்று சொல்லிவிட்டார்கள். இட்லி தப்பித்தது, கூடப்போன சட்னி மாட்டிக்கொண்டது. கைக்குழந்தைக்குப் பால், பயணத்துக்குத் தேவையான மருந்து இரண்டுக்கும் விலக்கு உண்டு. (டாக்டர் சீட்டு கையில் இருந்தால் பேச்சு குறையும்.)

ஏன் இந்தக் கெடுபிடி? யாரோ ஒரு அதிகாரி பொழுதுபோகாமல் எழுதியதில்லை.

2006 ஆகஸ்ட் 10-ம் தேதி காலை லண்டனில் சிலரைக் கைது செய்தார்கள். குளிர்பான பாட்டில்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலவையை நிரப்பி எடுத்துப் போய், அட்லாண்டிக்குக்கு மேலே பறக்கிற பல விமானங்களை வெடிக்கச் செய்வதாகத் திட்டம். அன்றைக்குப் பிரிட்டன் விமான நிலையங்களில் பாஸ்போர்ட், பர்ஸ் தவிர அநேகமாக எதையும் உள்ளே விடவில்லை. குழந்தையின் பால் பாட்டிலை அம்மாவோ அப்பாவோ அங்கேயே குடித்துக் காட்ட வேண்டியிருந்தது. சில வாரம் கழித்துக் கொஞ்சம் தளர்த்தினார்கள். அந்தத் தளர்வின் பெயர்தான் 100 மில்லி. ஆக, நாம் திட்டிக்கொண்டிருப்பது சலுகையை!

2009-ல் இந்த வழக்கில் மூன்று பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. எனவே இது வெறும் புரளி இல்லை. இன்னும் சொல்லப்போனால், எச்சரிக்கை முன்னாலேயே வந்திருந்தது. 1994 டிசம்பர் 11 அன்று ரம்சி யூசுப் என்ற ஆசாமி மணிலாவில் விமானம் ஏறினான். கையில் காண்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவ பாட்டில். உள்ளே நைட்ரோகிளிசரின். விமானத்தின் பாத்ரூமில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தை டைமராக வைத்துக் குண்டு தயாரித்து, ஸீட்டுக்கு அடியில் ஒளித்துவிட்டு, நடுவில் செபு என்ற ஊரில் சமர்த்தாக இறங்கிப் போய்விட்டான். அடுத்த கட்டப் பயணத்தில் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த ஜப்பானிய இளைஞர் இறந்தார். விமானி எப்படியோ ஒகினாவாவில் இறக்கி மற்றவர்களைக் காப்பாற்றினார்.

அதற்கும் முன்னால் 1987 நவம்பர் 29. கொரிய விமானம் ஒன்றில் வட கொரிய உளவாளிகள் இருவர் ஒரு ரேடியோவையும் ஒரு மது பாட்டிலையும் வைத்துவிட்டு அபுதாபியில் இறங்கிக்கொண்டார்கள். இரண்டிலும் வெடிமருந்து. நம் அந்தமான் கடலுக்கு மேலே விமானம் சிதறியது. 115 பேர். திரவமும் எலக்ட்ரானிக்ஸும் அன்றைக்கே ஒன்றாகத்தான் பயணம் செய்தன. சட்டம் வருவதற்கு 19 வருஷம் ஆயிற்று.

* * *

சில மாதங்களுக்கு முன் ஒரு விமான நிலையத்தில் (எந்த ஊர் என்பது வேண்டாம்) வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அம்மாள். முதல் விமானப் பயணம் என்பது போர்டிங் பாஸை ரேஷன் கார்டு மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அமெரிக்காவில் மகளுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள். எக்ஸ்ரேக்குப் பின்னால் இருந்த இளைஞர் அவர் பையை ஓரம் கட்டினார். உள்ளேயிருந்து ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பிரசவ லேகியம் வந்தது.

"அம்மா, இது லிக்விடும்மா. கேபின்ல அலவ் கிடையாது."

"லிக்விடுன்னா?"

"தண்ணி மாதிரிம்மா."

அம்மாள் மூடியைத் திறந்தார். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து அப்படியே பிடித்தார். சுக்கும் திப்பிலியும் கலந்த வாசனைதான் வெளியே வந்தது. ஒரு சொட்டு விழவில்லை.

"இதுவா தம்பி தண்ணி?"

வரிசை சிரித்தது. அந்த இளைஞரும் சிரித்துவிட்டார். சட்டம் சிரிக்கவில்லை.

"பேஸ்ட்டும் அந்தக் கணக்குதாம்மா. பெரிய பெட்டில போட்டிருந்தா ஒண்ணுமே கேட்டிருக்க மாட்டோம்."

பெரிய பெட்டி ஏற்கனவே போய்விட்டது. கவுண்ட்டரும் மூடியாகிவிட்டது.

"ரெண்டு நாள் கிளறினது தம்பி. உங்க வீட்ல புள்ள பெத்தவ யாராச்சும் இருந்தா எடுத்துட்டுப் போங்க. தூக்கி மட்டும் போட்டுராதீங்க."

"நாங்க வாங்கக் கூடாதும்மா."

அங்கே இருந்த தொட்டியில் அவர் அதைப் போடவில்லை. குனிந்து, நேராக நிற்கும்படி வைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இதை வீட்டுல கிளம்புறப்பவே யாராச்சும் சொல்லியிருக்கலாமில்ல சார்?" என்றார்.

நியாயமான கேள்வி. அந்த இளைஞர் மேல் தப்பில்லை. பழைய ரக எக்ஸ்ரே கருவிக்கு வாசனை தெரியாது, பாசம் தெரியாது. உயிர்ப்பொருள் சம்பந்தப்பட்ட எதையும் அது ஆரஞ்சு நிறத்தில் காட்டும். அதன் கண்ணுக்கு லேகியம், அல்வா, பாலாடைக்கட்டி, பிளாஸ்டிக் வெடிமருந்து எல்லாம் ஏறக்குறைய ஒரே ஆரஞ்சு. ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்க நேரமில்லாததால், அளவை வைத்து ஒரு கோடு போட்டுவிட்டார்கள். தப்பு, அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதை டிக்கெட்டின் கடைசியில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் சொல்வது. நூறு மில்லி என்று தமிழில் ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு மை செலவாகிவிடும்?

ப்ரூஸ் ஷ்னையர் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிபுணர் இம்மாதிரிச் சடங்குகளுக்குப் 'பாதுகாப்பு நாடகம்' என்று பெயர் வைத்தார். நேற்று வந்த திருடனுக்காக இன்று பூட்டு மாற்றுகிறோம், நாளை வருகிறவன் ஜன்னல் வழியாக வருவான் என்பது அவர் கட்சி. முழுக்க மறுக்க முடியாது. 2016 பிப்ரவரி 2-ம் தேதி சோமாலியாவின் மொகதிஷுவில் கிளம்பிய விமானத்தில் ஒருவன் லேப்டாப்பில் ஒளித்த குண்டை வெடித்தான். விமானத்தின் பக்கவாட்டில் ஓட்டை விழுந்தது. அவன் மட்டும் செத்தான், விமானம் பத்திரமாகத் திரும்பியது. பிற்பாடு வெளியான கேமராப் பதிவில், லேப்டாப் போன்ற ஒன்றை அவனிடம் கொடுத்ததில் விமான நிலைய ஊழியர் ஒருவரும் இருந்தார். லேகியத்தைப் பிடிக்கலாம். பிடிக்க வேண்டியவனே கொண்டுவந்து கொடுத்தால்?

* * *

லேப்டாப்பை ஏன் பையிலிருந்து தனியாக எடுக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டால், 'ரூல் சார்' என்பார்கள். விஷயம் இதுதான். பழைய எக்ஸ்ரே ஒரு பக்கத்திலிருந்துதான் பார்க்கும். லேப்டாப்பின் பேட்டரியும் சர்க்யூட் பலகையும் அடர்த்தியானவை. அவற்றுக்கு அடியில் எது இருந்தாலும் நிழலில் மறைந்துவிடும். தனித் தட்டில் வைத்தால் அதுவும் தெளிவாகத் தெரியும், பையும் தெளிவாகத் தெரியும். எலக்ட்ரானிக் சாமானைச் சந்தேகப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. 1988 டிசம்பர் 21-ம் தேதி ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊர் மேல் பான் ஆம் விமானம் விழுந்து 270 பேர் இறந்தார்கள். குண்டு இருந்தது ஒரு டேப் ரிக்கார்டருக்குள்.

புதிதாக வந்திருக்கும் கருவிகள் ஆஸ்பத்திரி சி.டி. ஸ்கேன் போல் பையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, அடர்த்தியையும் கணக்கிடும். இவை இருக்கும் இடங்களில் லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டாம். 2025-ல் எடின்பரோ போன்ற பிரிட்டிஷ் நிலையங்களில் இரண்டு லிட்டர் பாட்டிலையே விட ஆரம்பித்தார்கள். உடனே சந்தோஷப்பட வேண்டாம். ஐரோப்பாவில் ஒரு தடவை தளர்த்தி, 2024 செப்டம்பரில் மறுபடியும் 100 மில்லிக்கே வந்தார்கள். ஓர் ஊரில் விட்டார்கள் என்று அடுத்த ஊரில் வாதாட முடியாது. நடுவில் விமானம் மாறுகிற ஊருக்கும் தனியாக ஒரு சட்டம் உண்டு.

பூமியில் எதுவும் நிரந்தரமில்லை என்பதற்கு ஷூ சாட்சி. 2001 டிசம்பரில் பாரிஸிலிருந்து மயாமி போன விமானத்தில் ஒருவன் ஷூவுக்குள் இருந்த வெடியைப் பற்றவைக்கப் பார்த்தான், சகபயணிகள் அமுக்கிவிட்டார்கள். அதன் பலனாக அமெரிக்க விமான நிலையங்களில் 2025 ஜூலை வரை கோடிக்கணக்கானவர்கள் காலணியைக் கழற்றினார்கள். கோயிலில் கழற்றாதவர்கள்கூட.

நம் ஊரிலும் தளர்வு உண்டு. கொப்பரைத் தேங்காயில் எண்ணெய்ச் சத்து அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று விமானச் சரக்கு விதிகளில் இருக்கிறது. அதனால் தேங்காயைக் கையோடு கொண்டுபோகத் தடை. அப்படியென்றால் சபரிமலை இருமுடி? அதில் இருப்பது தேங்காய் மட்டுமில்லை, அதற்குள்ளே நெய்! 2022 முதல் மண்டல, மகரவிளக்கு சீசன்களில் ஐயப்ப பக்தர்களுக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு விலக்குக் கொடுத்தார்கள். எக்ஸ்ரே, வெடிமருந்து மோப்பக் கருவி, கைச் சோதனை மூன்றையும் தாண்டிய பிறகு. ஆக, மனசு வைத்தால் சட்டத்துக்குக் காது கேட்கும்.

* * *

இப்போது முக்கியமான சமாசாரம். திரவத்துக்குச் சொன்னதற்கு நேர் எதிர், பேட்டரிக்கு. பவர் பேங்கையும் உதிரி பேட்டரியையும் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பவே கூடாது. கையில்தான் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி அடிபட்டாலோ ஷார்ட் ஆனாலோ தன் சூட்டிலேயே தன்னை எரித்துக்கொள்ளும். ஸீட் பக்கத்தில் எரிந்தால் யாராவது கத்துவார்கள், பணிப்பெண் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பார். சரக்கு அறையில் எரிந்தால் கத்த ஆளில்லை. அங்கே இருக்கிற தீயணைப்பு வாயு ஜ்வாலையை அணைக்குமே தவிர, பேட்டரியின் சூட்டைத் தணிக்காது.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் புசானில் கிளம்பத் தயாராக இருந்த விமானம் தீப்பிடித்து மேற்கூரை முழுக்க எரிந்தது. எல்லோரும் தப்பித்தார்கள். தலைக்கு மேலே லக்கேஜ் பெட்டியில் இருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. மார்ச் முதல் தேதியிலிருந்து அந்த நாட்டில் பவர் பேங்கைத் தலைக்கு மேல் வைக்கக்கூடாது, கைக்கு எட்டும் தூரத்தில் வைக்கவேண்டும் என்று ஆணையிட்டார்கள்.

அளவு? 100 வாட்-அவர் வரை தாராளமாகப் போகலாம். 160 வரை விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். உங்களுடையதில் மில்லி ஆம்பியர் மட்டும் போட்டிருந்தால் அதை 1000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்குங்கள். 10,000 என்றால் 37. 20,000 என்றால் 74. பயமில்லை.

இந்த இரண்டு சட்டமும் முட்டிக்கொண்ட வேடிக்கையும் நடந்தது. 2017 மார்ச்சில், எட்டு நாடுகளின் 10 விமான நிலையங்களிலிருந்து வருகிறவர்கள் லேப்டாப்பைக் கீழே பெட்டியில் போடவேண்டும் என்றது அமெரிக்கா. வெடி பயம். பேட்டரியைக் கீழே போடாதே என்றார்கள் விமானப் பொறியாளர்கள். தீ பயம். பயணிக்கு எந்தப் பயத்தைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியவில்லை. ஜூலைக்குள் தடையை விலக்கிக்கொண்டார்கள்.

எனவே பெட்டி கட்டும்போது ஒரே வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வழிவது கீழே, எரிவது மேலே. லேகியம், ஊறுகாய், எண்ணெய் வகையறா எல்லாம் நன்றாகச் சுற்றிப் பெரிய பெட்டியில். பவர் பேங்க், உதிரி பேட்டரி, லேப்டாப் கைப்பையில், எடுக்கச் சௌகரியமாக மேலாக. மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் பார்க்க முதல் தடவை கிளம்புகிற அம்மா, அத்தை, பாட்டி யாராவது உங்கள் தெருவில் இருந்தால், பெட்டி பூட்டுவதற்கு முன்னால் போய் இதைச் சொல்லுங்கள்.

அல்லது இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிடுங்கள். காகிதம் திடப்பொருள். யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.