காப்பகக் குழந்தைகள்: ஆய்வுக்குழுவின் கண்ணில் படாத ஆபத்துகள்

பாறசாலை: திருவனந்தபுரத்தில் உள்ள கேரள மாநிலக் குழந்தைகள் நல கவுன்சில் காப்பகத்தில் இரண்டரை வயதுப் பெண் குழந்தையைக் காயப்படுத்திய புகாரில், 2024 டிசம்பரில் மூன்று ஆயாக்கள் கைது செய்யப்பட்டனர். படுக்கையை நனைத்ததற்காக ஒருவர் துன்புறுத்தினார், மற்ற இருவர் மறைத்தனர் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. இது அனுமதியின்றி ஒதுக்குப்புறத்தில் நடந்த விடுதி அன்று. 'அம்மத் தொட்டில்' திட்டத்தால் நாடறிந்த நிறுவனம். குழந்தையைக் குளிப்பாட்டிய வேறோர் ஆயா காயங்களைக் கவனித்துத் தெரிவித்த பிறகே உண்மை வெளிவந்தது.

தமிழக ஆதரவற்றோர் இல்லங்கள் தொடர்பாக 2007-ல் தொடங்கிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 2017 மே 5 அன்று தீர்ப்பளித்தது. எல்லா இல்லங்களும் அவ்வாண்டு முடிவுக்குள் பதிவு பெற வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்றது. இளைஞர் நீதிச் சட்டத்தின்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் ஆய்வுக்குழு வர வேண்டும். குழுவில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் இருப்பது கட்டாயம்.

ஆனால் ஆய்வுக்குழு காண்பது பகலை. நனைந்த படுக்கை இரவின் செய்தி. புகார்ப் பெட்டி, குழந்தைகள் குழு, 1098 உதவி எண் ஆகிய மூன்றும் பேசத் தெரிந்த குழந்தைக்கே உதவும். பெற்றோரைப் பிரிந்த சிறு குழந்தை படுக்கையை நனைப்பது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. அதைப் பராமரிப்புத் திட்டத்தில் எழுதி, இரவுப் பணியாளரிடம் முன்கூட்டியே விளக்குவதுதான் இடர் மதிப்பீடு. கோப்பில் கிடக்கும் படிவத்தை அப்படி அழைக்க இயலாது.

பாறசாலை, நெய்யாற்றின்கரை போன்ற எல்லைப் பகுதிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. களியக்காவிளையைத் தாண்டினால் கன்னியாகுமரி மாவட்டம். உறவுகள் இருபுறமும் பரவிக் கிடக்க, குழந்தைகள் நலக்குழுக்களின் அதிகாரமோ மாவட்ட எல்லையோடு நின்றுவிடுகிறது. குழந்தை ஒருபுறம் மீட்கப்பட்டு, வீடு மறுபுறம் இருந்தால், குடும்பச் சூழல் பற்றிய விசாரணைக்கு அண்டை மாநில மாவட்டத்தின் உதவி தேவை. அந்த அறிக்கை வரும்வரை, குழந்தை எதற்கு அஞ்சும், யாரிடம் அனுப்பினால் ஆபத்து என்பதை அறியாமலேயே காப்பகம் அதைப் பராமரிக்க வேண்டியிருக்கிறது. குழந்தையைச் சொந்த மாநிலத்துக்கு மாற்றச் சட்டப்பிரிவு 95 வழிசெய்கிறது. ஆனால் அதுவும் விசாரணைக்குப் பிறகே. திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள் தமக்குள் ஒரு பொறுப்பு அலுவலரை நியமித்துக்கொள்ளப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.