வானைக் கேட்கும் ஊர்

புனே நகருக்கு வடக்கே கோடத் என்னும் சிற்றூரைச் சூழ்ந்து, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுடைய 30 ரேடியோ தொலைநோக்கிகள் நிற்கின்றன. தொலைவிலுள்ள விண்மீன் திரள்கள் வளர்ந்த வரலாற்றை அவை செவிமடுக்கின்றன. அப்பணிக்கு, பிற ரேடியோ அலைகளின் இரைச்சலற்ற சூழல் இன்றியமையாதது.

விண்மீன்களுக்கு மூலப்பொருள் ஹைட்ரஜன் வாயு. அது 21 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலையை வெளியிடுகிறது. அந்த அலைநீளத்தை உலக நாடுகள் வானியலுக்கென ஒதுக்கியுள்ளன. ஆனால் 800 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட அலை, பேரண்டம் விரிவதால் ஏறத்தாழ இருமடங்கு நீண்டு வருகிறது; ஒதுக்கீட்டின் எல்லையைக் கடந்து, செல்பேசி அலைகளின் பக்கத்தில் வந்து சேர்கிறது.

2020இல் வெளியான ஆய்வில், 7,653 விண்மீன் திரள்களின் அலைகளை ஒன்றுகூட்டிய பின்னரே அக்கால வாயுவின் சராசரி அளவு தெரிந்தது. தனித்து நோக்கின் ஒன்றும் புலப்படாது, அத்துணை மெல்லியவை! அவ்வாயு 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கே போதுமானது எனக் கண்டனர். விண்மீன் பிறப்பு பின்னர் ஏன் குறைந்தது என்பது அதனால் விளங்கிற்று.

ஊராருக்குச் செல்பேசியும் தேவை. அதை மறுப்பது முறையன்று. எனினும் கோபுரம் எழுப்புமுன் அதன் இடத்தையும் அலைவரிசையையும் ஆய்வாளரோடு கலந்து முடிவுசெய்தல் வேண்டும். பழுதுற்ற மின்கம்பிகளில் எழும் தீப்பொறியும் இரைச்சல் தருவதே. கம்பிகளைச் சீர்செய்தால் ஊர் விளக்குகளும் ஒழுங்காக எரியும்.