சப்பரத்தை எத்தனை அடி குறைக்கலாம்?



பங்குனிப் பொங்கலுக்கு எங்க தெருவில் சப்பரம் கட்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் சப்பரத்தின் உயரத்தைப் பற்றி தெருவே மூன்று கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு இஞ்ச் கூடக் குறைக்கக் கூடாது என்று ஒரு கட்சி. ஒன்றரை அடி குறைத்தால் போதும் என்று ஒரு கட்சி. நல்லாவே குறைக்கணும் என்று ஒரு கட்சி. டீக்கடையில், மந்தையில், பஸ் ஸ்டாப்பில் எல்லாம் இதே பேச்சு. பொம்பளைப் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை. கூட்டத்தில் பேச எங்களை விடமாட்டார்கள். சுவர் இதழில் எழுத விடுவார்கள். அதனால் எழுதுகிறேன்.

என் கருத்து நாலு அடி குறைக்க வேண்டும் என்பது. ஏன் நாலு, ஏன் ரெண்டு இல்லை, ஏன் எட்டு இல்லை என்று கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் களிமேடு. தஞ்சாவூர் பக்கத்தில் இருக்கிற ஊர். 2022 ஏப்ரல் 27ஆம் தேதி விடியுமுன்னே அங்கே அப்பர் சதய விழா சப்பரம் வந்துகொண்டிருந்தது. திரும்புகிற இடத்தில் சப்பரத்தின் மேல்பகுதி உயரழுத்த மின்கம்பியில் பட்டுவிட்டது. 11 பேர் இறந்துபோனார்கள். அதில் நம்மைப் போல பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் இருந்தார்கள். ரோட்டில் தண்ணீர் கிடந்ததால் நிறையப் பேர் வடத்தை விட்டுத் தள்ளிப் போயிருந்தார்களாம். இல்லையென்றால் இன்னும் எத்தனை பேரோ. அந்த ரோடு உயர்த்திப் போடப்பட்டிருந்தது என்றும் அப்போது செய்திகளில் சொன்னார்கள். இந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும்.

இது நம்ம மாநிலத்தில் மட்டும் இல்லை. 2023 ஜூன் 28இல் திரிபுரா மாநிலத்தில் குமார்காட் என்ற ஊரில் ஜெகந்நாதர் ரதம் திரும்பி வரும்போது உயரழுத்தக் கம்பியில் பட்டது. அது இரும்பில் செய்த ரதம். கையை வைத்திருந்தவர்கள் பலர் இறந்தார்கள். 2025 மார்ச் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் இனயம்புத்தன்துறையில் சர்ச் திருவிழா வேலையில் உயரமான இரும்பு ஏணியைத் தள்ளிக்கொண்டு போகும்போது அது கம்பியில் பட்டு நாலு பேர் இறந்தார்கள். ஆக இது எந்த சாமி என்பதைப் பொறுத்தது இல்லை. கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அதன் கீழே நாம் கொண்டுபோகிற பொருள் எவ்வளவு உயரம். அவ்வளவுதான்.

இப்போது எங்க தெருக் கணக்குக்கு வருகிறேன்.

1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் தெருவைக் குறுக்கே தாண்டுகிற கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கணும் என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வருகிற சாதாரணக் கம்பி என்றால் 5.8 மீட்டர், அதாவது 19 அடி. 11,000 வோல்ட் கம்பி என்றால் 6.1 மீட்டர், 20 அடி. எங்க சப்பரம் சக்கரத்திலிருந்து கலசம் வரைக்கும் 19 அடி. பார்த்தீர்களா, 19க்கு 19! விதிப்படி கட்டின கம்பியாக இருந்தால்கூட கலசம் அதில் முட்டும்.

ஆனால் இன்றைக்கு அந்த 19 அடியும் அங்கே இல்லை. நானும் என் தோழியும் அளந்து பார்த்தோம். கம்பு எதையும் தூக்கி அளக்கவில்லை, பயப்படாதீர்கள். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிற 45 டிகிரி மூலைமட்டத்தைக் கண்ணுக்கு நேரே படுக்கையாகப் பிடித்து, அதன் சாய்ந்த ஓரம் வழியாகக் கம்பி தெரிகிற வரைக்கும் பின்னாலேயே நடக்க வேண்டியது. கம்பி சரியாக அந்த ஓரத்தில் தெரிகிற இடத்தில் நின்று, அங்கிருந்து கம்பிக்கு நேர் கீழே உள்ள இடம் வரை டேப் வைத்து அளக்க வேண்டியது. அந்த தூரத்தோடு என் கண் உயரத்தைக் கூட்டினால் கம்பியின் உயரம். 13 அடி வந்தது. என் கண் உயரம் நாலரை அடி. மொத்தம் பதினேழரை அடி. மூன்று தரம் அளந்தோம், ரெண்டு மூணு இஞ்ச்தான் முன்னே பின்னே வந்தது.

ஒன்றரை அடி எங்கே போச்சு? மேலேயிருந்து கொஞ்சம், கீழேயிருந்து கொஞ்சம். வெயிலில் உலோகம் நீளும், கம்பி தொய்யும். போஸ்ட் பக்கத்தில் உயரமாக இருக்கிற கம்பி ரெண்டு போஸ்ட்டுக்கு நடுவில் தொங்கும். பங்குனி வெயிலைக் கேட்கவா வேணும். கீழே ரோடு. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அது மேலேயே புது ரோடு போட்டுக்கொண்டே போகிறார்கள். எங்க வீட்டு வாசலில் மூன்று படி இருந்தது, இப்போது ரெண்டுதான் தெரிகிறது. சப்பரம் வளரவில்லை, தெரு வளர்ந்துவிட்டது.

ஒன்றரை அடி குறைத்தால் போதும் என்கிற கட்சிக்கு இதுதான் என் பதில். 19இல் ஒன்றரை போனால் பதினேழரை. கம்பியும் பதினேழரை. முட்டாது, உரசும். உரசுவது மட்டும் நல்லதா?

அப்புறம் சப்பரம் ஒரு இடத்தில் நிற்கிற பொருள் இல்லை. ஆடும். எங்க சப்பரத்தின் ரெண்டு சக்கரத்துக்கும் நடுவே 5 அடி. ஒரு பக்கச் சக்கரம் மூணு இஞ்ச் பள்ளத்தில் இறங்கினால் உச்சி எவ்வளவு சாயும் என்று போட்டுப் பார்த்தேன். 19 அடி உயரத்தில் கிட்டத்தட்ட ஒரு அடி பக்கவாட்டில் போகும். 15 அடி என்றால் ஒன்பது இஞ்ச். குட்டையாக இருந்தால் கம்பிக்கும் நல்லது, கவிழாமல் இருக்கவும் நல்லது. 15 அடியில் கட்டினால் கம்பிக்கும் கலசத்துக்கும் நடுவே ரெண்டரை அடி இடைவெளி இருக்கும். அதற்கு மேலே குறைத்தால் சாமி தெரியாது. அதனால்தான் நாலு.

இவ்வளவு வருஷமாக எப்படிப் போனது என்று கேட்பீர்கள். கவைக்கம்பு. நீளமான மூங்கிலின் நுனியில் கவட்டை மாதிரி கட்டி, ரெண்டு பையன்கள் முன்னால் போய் கம்பியைத் தூக்கிப் பிடிப்பார்கள். சப்பரம் அடியில் போகும். மாலை எல்லாம் கம்பியில் தடவிக்கொண்டே போகும். எல்லோரும் கைதட்டுவார்கள். போன வருஷம் அந்தக் கம்பைப் பிடித்தவன் என் அண்ணன். பன்னிரண்டாவது படிக்கிறான். “கரண்ட்டை நிப்பாட்டிட்டாங்க தாயி, ஒண்ணும் ஆகாது”ன்னு அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான். அம்மா சப்பரத்தைப் பார்க்கவே இல்லை, அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும்தான்.

கரண்ட்டை நிறுத்துவது கட்டாயம் செய்ய வேண்டியது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் ரத வீதியில் வரும்போதும் நிறுத்தித்தானே இழுக்கிறார்கள். ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது என்கிறேன். நம்ம தெருவில் நிறுத்தினால் மெயின் ரோட்டுக் கம்பியும் நின்றுவிடும் என்று அர்த்தம் இல்லை, அது வேறு லைன். மைக்செட்டுக்கும் சீரியல் லைட்டுக்கும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். யாராவது வீட்டு ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் அங்கேயிருந்து கரண்ட் திரும்பி லைனுக்கு ஏறும். மூங்கில் மரம்தானே, பாயாது என்கிறார்கள். காய்ந்த மூங்கில் சரி. சப்பரத்தில் காய்ந்தது எது? பச்சை மூங்கில், தண்ணீர் தெளித்த மாலை, ஈர வாழைத்தார், அதோடு கட்டுக்கம்பி, ஆணி, சீரியல் வயர்.

இனி ஒரு இஞ்ச் கூடக் குறைக்கக் கூடாது என்கிற கட்சி. அதில் என் தாத்தாவும் இருக்கிறார். அவர் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. “உச்சியை வெட்டினா சப்பரமா அது, பெட்டிக்கடை மாதிரில இருக்கும்” என்கிறார். அது உண்மை. பக்கத்து ஊர் ஒன்றில் அப்படித்தான் மேலே ரெண்டு தட்டை அப்படியே எடுத்துவிட்டுக் கலசத்தை வைத்தார்கள். மொட்டையாக, தலை இல்லாத மாதிரி இருந்தது. எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் அது குறைத்ததால் வந்த கோளாறு இல்லை, குறைத்த விதத்தால் வந்தது.

ராஜபாளையத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற என் மாமா இதற்கு ஒரு உதாரணம் சொன்னார். அமெரிக்காவில் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, கூரையை மூணு இஞ்ச், நாலு இஞ்ச் வெட்டி இறக்கி ஒட்டுவார்களாம். எதற்கு என்றால் சும்மா அழகுக்கு! கூரையைத் தாங்குகிற தூண்கள் மேலே போகப் போக உள்பக்கம் சாய்ந்திருக்கும். நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் மேல் பாதி சின்னதாகவும் கீழ்ப் பாதி பெரிதாகவும் நிற்கும், ரெண்டும் பொருந்தாது. அப்புறம் கூரையையே பிளந்து அகலப்படுத்த வேண்டும், இல்லை தூணைச் சாய்க்க வேண்டும். கண்ணாடியையும் வெட்ட வேண்டும். எத்தனை இஞ்ச் வெட்டலாம் என்று அவர்களுக்குள்ளும் தகராறு வருமாம். அழகுக்காகவே அவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்றால் உயிருக்காக நாம் கொஞ்சம் மெனக்கெடலாம்தானே.

சப்பரமும் அதே வடிவம்தான், மேலே போகப் போகக் குறுகும். அதனால் ஒரு இடத்தில் வெட்டக் கூடாது. எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கணும். இப்போது பீடம் ஐந்தரை அடி, சாமி மண்டபம் 5 அடி, அதற்கு மேல் ஐந்து தட்டு ஒவ்வொன்றும் ஒன்றே கால் அடி, உச்சியும் கலசமும் ரெண்டே கால் அடி. நான் சொல்வது இப்படி. சாமி மண்டபத்தைத் தொடக் கூடாது, அது 5 அடியே இருக்கட்டும். தட்டு ஐந்தும் ஐந்தாகவே இருக்கட்டும், ஒவ்வொன்றையும் முக்கால் அடியாகக் கட்டினால் அதிலேயே ரெண்டரை அடி மிச்சம். பீடத்தில் முக்கால் அடிப் பலகையை எடுக்கலாம். உச்சியில் கலசத்தைத் தூக்கி நிறுத்துகிற மூங்கிலை முக்கால் அடி குறைக்கலாம். கூட்டிப் பாருங்கள், நாலு அடி வந்துவிட்டது. அகலத்தை ஏழரையிலிருந்து 6 அடியாக்கினால் உயரத்துக்கும் அகலத்துக்கும் பழைய விகிதமே ஏறத்தாழ இருக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் அதே சப்பரம்தான். பழைய பித்தளைக் கலசமேதான்.

முன்னோர் கட்டின அளவை மாற்றலாமா என்றும் கேட்கிறார்கள். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி. ஆனால் அதில் மரத்தேர் 30 அடிதான். மற்றதெல்லாம் வருஷா வருஷம் மூங்கிலும் துணியும் வைத்துக் கட்டுவது. எங்க சப்பரம் முழுக்கவே வருஷா வருஷம் புதிதாகக் கட்டுவதுதான். சிற்பம் எதையும் அறுக்கச் சொல்லவில்லை. தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது தெருவில் கரண்ட்டே கிடையாது என்று அவரே சொல்லியிருக்கிறார். கம்பி இல்லாத தெருவுக்குக் கட்டின அளவு அது. கம்பி வந்த பிறகும் அதே அளவு என்றால் எப்படி?

கொல்கத்தாவில் இஸ்கான் ரதத்துக்கு மடக்குகிற கூரை வைத்திருக்கிறார்கள். கம்பி வந்தால் இறக்குவார்கள், தாண்டியதும் ஏற்றுவார்கள். (அந்த ரதத்துக்கு 2025இல் சுகோய் போர் விமானத்தின் டயரை மாட்டினார்கள். இது நம்ம விஷயத்துக்குத் தேவையில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) எங்க தெருவுக்கு அதை நான் கேட்கவில்லை. மடக்கு வைத்தால் செலவு ஆகும், அதோடு இறக்க மறந்துபோனால் என்ன செய்வது? கொட்டுச் சத்தத்தில், சாமி வந்து ஆடுகிற நேரத்தில், யாருக்கு ஞாபகம் இருக்கும்? குட்டையாகக் கட்டிவிட்டால் யாரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை.

கம்பியைத் தரைக்கடியில் பதிக்கச் சொல்லலாமே என்று எங்க வகுப்பில் ஒருத்தி கேட்டாள். பெரிய கோயில் இருக்கிற சில ஊர்களில் தேர் வீதியில் அப்படிச் செய்திருக்கிறார்கள். நம்ம தெருவுக்கு அது எப்போது வரும்? பொங்கல் பங்குனியில் வந்துவிடும்.

நாலு அடி குறைத்தாலும் ரெண்டு விஷயம் பாக்கி இருக்கிறது. ஒன்று, மெயின் ரோட்டைத் தாண்டுகிற இடம். அங்கே 11,000 வோல்ட் கம்பி. அதை நாங்கள் இன்னும் அளக்கவில்லை, ரோட்டில் வண்டி ஓயவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சர் கூட வந்தால் அளந்துவிடலாம். ரெண்டு, உச்சியில் ஆள் ஏறி உட்காருவது. 15 அடிச் சப்பரத்தின் மேல் ஆள் உட்கார்ந்தால் அது 18 அடிச் சப்பரம்.

வருகிற வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம். எங்கள் அளவுகளை இந்தத் தாளின் கீழே படமாக வரைந்து ஒட்டியிருக்கிறோம். கணக்கு டீச்சர் சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தாத்தா கையில் கொடுத்து அனுப்புவேன். அவர் எதிர்க்கட்சிதான், ஆனால் கொண்டு போய்க் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

– 9ஆம் வகுப்பு மாணவி
வன்னியம்பட்டி