விரல் போன பிறகு வரும் அட்டை

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் விரல்களுக்கெல்லாம் கணக்கு இருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, சுண்டுவிரலுக்கு 7. வெள்ளைக்காரர் ஆட்சியில், 1923இல் பிறந்த சட்டம் அது. ஆனால், அந்த விரலுக்கு ஆகும் மருத்துவச் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்று அதில் சேர்ப்பதற்கு 2009ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்போதும் சேர்த்தது என்ன? தொழிலாளி செலவழித்ததைத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான். டெல்லியில் வஜீர்பூர் ஸ்டீல் பட்டறையிலோ ஓக்லாவில் பவர் பிரஸ் முன்போ நிற்கும் பிஹார் இளைஞரிடம் மாதக் கடைசியில் செலவழிக்க என்ன இருக்கும்? இழப்பீட்டைக் கொடுக்க முதலாளிக்கு ஒரு மாத அவகாசம், ஆணையரிடம் மனுப் போட தொழிலாளிக்கு இரண்டு ஆண்டு. துண்டான விரலை ஒட்டவைக்க மருத்துவருக்கு இருப்பதோ சில மணி நேரம்.

இந்தக் குறைக்கு மருந்தாக இருக்க வேண்டியது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ. 1952 பிப்ரவரி 24 அன்று அது முதன்முதலில் தொடங்கிய இரண்டு ஊர்களில் ஒன்று டெல்லி, மற்றது கான்பூர். கையில் காசில்லாமல் சிகிச்சை பெறலாம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் வரும். பணியிடக் காயம் என்றால், இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை, வேலையில் சேர்ந்த முதல் நாளே உரிமை உண்டு. பஸாய்தாராபூர், ஓக்லா, ரோஹிணி, ஜில்மில் என டெல்லியில் மருத்துவமனைகளுக்கும் குறைவில்லை.

ஆனால், வாசலில் ஈ.எஸ்.ஐ. அட்டை கேட்பார்கள். முதலாளியின் பங்கு கூலியில் 3.25 சதவீதம். அதை மிச்சம் பிடிக்கத்தான் பதிவு தள்ளிப்போகிறது. டெல்லியை ஒட்டிய குருகிராம், ஃபரீதாபாத் வாகன உதிரிபாக ஆலைகளில் கை நசுங்கியவர்களுக்கு உதவும் ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பின் அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பெரும்பாலோருக்கு அட்டை கிடைப்பதே விபத்துக்குப் பிறகு. அதுவரை பக்கத்து நர்சிங் ஹோமில் ஒரு கட்டு. அங்கே சீட்டில் ‘வீட்டில் கதவிடுக்கில் மாட்டியது’ என்று எழுதிவிட்டால், இழப்பீட்டு வழக்கு அன்றே பாதி தோற்றுப்போகும்.

பதிவு தாமதமானதற்குத் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்பதில் சட்டத்துக்குக் குழப்பமே இல்லை. தமிழகத்திலிருந்து போன பாரகத் இன்ஜினியரிங் வழக்கில், விபத்துக்கு முன் சந்தா கட்டப்பட்டதா என்பது பொருட்டல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லிவிட்டது. பலனைக் கொடுத்துவிட்டு, தவறிய முதலாளியிடம் ஈ.எஸ்.ஐ. கழகம் வசூலித்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருந்தது. ரத்தம் சொட்டும் கையோடு வருபவர் இன்னொரு கையில் தீர்ப்பு நகலையும் கொண்டுவர வேண்டும் போலும்.

2025 நவம்பர் 21 முதல் இழப்பீட்டுச் சட்டம், ஈ.எஸ்.ஐ. சட்டம் இரண்டும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டன. ஆபத்தான தொழில் என அரசு அறிவித்தால், ஒரே ஒருவர் வேலை செய்யும் பட்டறைக்கும் ஈ.எஸ்.ஐ. பொருந்தும் என்கிறது புதிய சட்டம். நல்லதுதான். 2019 டிசம்பரில் 43 பேரைப் பலிகொண்ட டெல்லி அனாஜ் மண்டி தீ விபத்து, குடியிருப்புச் சந்துகளுக்குள் எப்படிப்பட்ட பட்டறைகள் ஓடுகின்றன என்று காட்டியது. அங்கெல்லாம் போய்ப் பெயர்களைப் பதிய ஆள் வேண்டும். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதிவு நாளும் விபத்து நாளும் கழகத்தின் கணினியிலேயே இருக்கின்றன. இரண்டும் ஒட்டி நிற்கும் ஆலைகளைப் பட்டியல் எடுத்து, ஆய்வாளர்களை முதலில் அங்கே அனுப்பலாம்.